எமினென்ட்டும் கலவனும்

டிசம்பர் 12, வெள்ளி

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழின் வரைவில் தலைமையாசிரியர் என் பெயருக்கு முன்னால் 'எமினென்ட்' என்று சேர்த்திருக்கிறார். கூச்சமாகிவிட்டது. ஆங்கில ஆசிரியை ஆயிற்றே, அகராதியைப் புரட்டினேன். புகழ்பெற்றவர் என்று பொருள். லத்தீன் வேரில், சுற்றியிருப்பதைவிடத் துருத்திக்கொண்டு நிற்பது.

சாயங்காலம் விதைநெல் வயலில் அம்மாவோடு கலவன் பிடுங்கினேன். வேறு ரகம் கலந்து முளைத்தால் உயரமாகத் தலை நீட்டும்; அதுதான் கலவன். விட்டுவைத்தால் விதைக்கு ஆகாது என்று விதைச்சான்று அதிகாரி தள்ளிவிடுவார். குனிந்தபடியே, அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் போட்ட சொல்லின் பொருளைச் சொன்னேன். அம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப ஒன்ன கலவன்னு போட்டிருக்காங்களா?"

"ஆமாம்மா. எடுத்துடச் சொல்லப்போறேன்."

இதே வயலில் கூலிக்குக் கலவன் பிடுங்கியவள் அம்மா. இப்போது இது எங்கள் குத்தகை. நான் நன்னிலம் பஸ் ஏறிக் காலேஜ் போனபோது, பெண்ணை நடவுக்கு அனுப்பு என்று வயல்காரர்கள் வீடு தேடி வந்து அம்மாவிடம் சொன்னார்கள்.

அம்மா கையிலிருந்த கதிரை வரப்பில் போட்டாள்.

"ஒன்னயும் புடுங்கத்தான் பாத்தாங்க. நான் விட்டனா? இருக்கட்டும்டி."

தலைமையாசிரியருக்கு நான் போன் செய்யவில்லை. அழைப்பிதழ் அப்படியே அச்சுக்குப் போகட்டும்.