மூலை உடைந்த அப்பம்

சியேஷின், டிசம்பர் 9

அன்பு யாகோதாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் பூனையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பனி மட்டும் இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிட்டது. அயர்லாந்து மழையில் தலையை நனைத்துக்கொண்டு திரியாமல் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் எனக்கு நிம்மதி. உன் பேக்கரியில் காலை மிதித்தவரும் சாரி சொல்கிறார், மிதிபட்டவரும் சாரி சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அதே வார்த்தைதான் மூன்று வாரமாக இங்கே என் மேசையில் உட்கார்ந்துகொண்டு என் உயிரை எடுத்தது.

மாடி வீட்டு அலோய்ஸி ஐயாவுக்குக் கனடாவில் ரூஃபின் என்று ஒரு தம்பி இருந்தது உனக்குத் தெரியும். அம்மா செத்ததற்கு வரவில்லை என்று முப்பத்தொரு வருஷம் ஐயா அவர் பெயரையே எடுக்கவில்லை. அந்த ரூஃபின் ஆகஸ்டில் இறந்துவிட்டாராம். அவர் மகள் லிதியாவுக்கு நம் போலிஷ் மொழி ஒரு சொல்லும் வராது, ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி, மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று, கீழ்வீட்டில் இருப்பவள் மொழிபெயர்ப்பாளர் என்று விசாரித்து, என் பெயருக்கே அனுப்பியிருந்தாள். அவள் கேட்பது ஒன்றுதான், அப்பாவின் சாம்பலை வசந்தத்தில் கொண்டுவந்து பாட்டியின் கல்லறையில் அவர் பக்கத்தில் வைக்கலாமா என்று. கல்லறை ஐயா பெயரில் இருக்கிறது, அவர் சம்மதிக்காமல் ஒரு பிடி மண்ணைத் தோண்ட முடியாது.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடியே, அவன் மன்னிப்புக் கேட்டானா இல்லையா, அத மட்டும் சொல்லு போக்னாம்மா, கேட்டிருந்தா வரட்டும், இல்லன்னா அந்தக் குளிர்லயே கெடக்கட்டும் என்றார். கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, பாட்டியின் சாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கடைசிவரை அப்பா சாரி என்பார் என்று. நமக்கோ, தப்பு என்னுடையது என்று தலை குனிவதற்கு ஒரு சொல், நடந்ததை நினைத்து மனம் கனப்பதற்கு வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, கதவைத் தட்டினால் எது எட்டிப்பார்க்கும் என்று யாருக்குத் தெரியும். உன் வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அகராதி புரட்டிய காலத்திலிருந்தே பார்க்கிறேன், நீளமான சொற்கள் என்னைப் படுத்தியதே இல்லை. ஒரு ஆளோடு பழக்கம் என்பதற்கும் ஒரு சேதி தெரியும் என்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல், நண்பன் என்றால் உயிர்த்தோழனா தெரிந்தவனா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். எப்படித்தான் இவ்வளவு குறைந்த சொற்களில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

லிதியாவுக்கே எழுதிக் கேட்டேன். அப்பா எங்களோடு ஆங்கிலம்தான் பேசுவார், நீங்கள் கேட்கும் வித்தியாசமே எனக்குப் புரியவில்லை என்று பதில் வந்தது, பாவம். இங்கே உன் அப்பா, ஒரு வார்த்தைக்கு மூணு வாரமா, நம்ம கல்யாணத்துக்கே நீ இவ்வளவு யோசிக்கலியே என்று கேலி. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ஐயா, என்னம்மா, எனக்கும் குழி வெட்டினப்புறம்தான் சொல்லுவியா என்று. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், மன்னிப்பு என்றே எழுதிவிடலாம் என்று ஒரு நாள் எழுதியும் விட்டேன். யாருக்கு என்ன நஷ்டம், ஒரு மனிதர் தன் அம்மா பக்கத்தில் போய்ச் சேர்வார். ஆனால் ரூஃபின் சொன்னாரோ இல்லையோ தெரியாத ஒன்றை அவர் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அர்த்தத்தையும் அப்படியே சொல்லிவிடுவது என்று அகராதியையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் அடுப்பில் முட்டைக்கோஸ் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தைத் திறந்து காட்டும்போது அடையாளத்துக்கு வைத்திருந்த சின்ன உறை மேசையில் விழுந்தது. லிதியா கடிதத்தோடு அனுப்பியதுதான் அது. அப்பா மேசையில் இருந்தது, மேலே பெரியப்பா பெயர் இருக்கிறது, உள்ளே ஏதோ சருகு மாதிரி, நான் பிரிக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். சிரமமில்லாத வரி என்று தாண்டிப் போயிருக்கிறேன், உறையைப் பக்க அடையாளமாகவும் ஆக்கியிருக்கிறேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம் சொல்.

ஐயா கத்தியால் பிரித்தார். உள்ளே கிறிஸ்துமஸ் அப்பம், காகிதத்தை விட மெல்லிசாக, மஞ்சள் பாரித்து. மேல் மூலை இல்லை. சின்ன வயதில் நீ, உடைஞ்சத ஏம்மா அத்தைக்கு அனுப்புற என்று அழுதாயே, உடைத்து நம் பங்கைத் தின்றுவிட்டுத்தான் தூரத்தில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டும், உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம் என்று சொல்லித் தேற்றினேன். அந்த மூலைதான். உறையில் தபால்தலை இல்லை. எந்த வருஷத்து அப்பமோ, தன் பங்கைத் தின்றிருக்கிறார், தபாலில் போட மட்டும் கை வரவில்லை.

ஐயா விரலால் அந்த உடைந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், முட்டைக்கோஸ் அடிப்பிடித்த வாடை வந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு இன்னொரு மூலையை உடைத்து வாயில் போட்டு மென்றார். தூசி மாதிரி இருக்கு, கஞ்சப்பய, புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா என்றார். நான் அகராதியைக் காட்டி, அந்த வார்த்தைக்கு என்று ஆரம்பித்தேன், அத மூடி வை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவுக்கு வலது பக்கம் வைக்கணும் அவன, அந்தக் காதுதான் அவளுக்குக் கேக்காது, இவன் விடுற குறட்டைக்கு வேற எங்க வைக்கறது என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்க அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

நேற்று கோவிலிலிருந்து புது அப்பம் வாங்கி வந்து, மூலையை உடைத்துத் தின்று, லிதியாவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். என்ன எழுதட்டும் என்றேன், வசந்தத்துல வரச் சொல்லு, வேற என்ன இருக்கு என்றார். ஆனால் அவளுக்கு அந்த மூலை புரியாதே, தபாலில் உடைந்தது என்று நினைத்துக்கொள்வாள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது.

சாப்பாட்டில் சோம்பல் வேண்டாம், ரொட்டிக் கடையில் இருந்துகொண்டே பட்டினி கிடக்கிறவள் நீதான். கிறிஸ்துமஸ் விருந்துக் கெண்டை மீனை இந்த வருஷம் அப்பா சமைக்கிறார், அதற்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள். நினைத்தது கைகூடி, நல்லவர்கள் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும். இதோடு ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன், மறக்காமல் பிரித்துப் பார். தபாலில் எதுவும் உடையவில்லை.

உன் அம்மா,
போக்னா