ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம்

இன்று காலை ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பழைய குறிப்புப் புத்தகங்களைக் கிளறியபோது, ஒரு பக்கத்தில் உன் கையால் வரைந்த படம். நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்னப் பெட்டி. தாள் ஈரம் குடித்துப் பழுப்பேறிவிட்டது. ஹட்டன் மழைக்கு எந்தத் தாள் தப்பியிருக்கிறது?

மளிகைக் கடைக்கு மேலிருந்த உன் அறையில் அதை வரைந்தாய். கொழும்புக் கம்பனி வேலையை விட்டுவிட்டு வந்து, தோட்டங்களில் இயங்கும் ஒரு தொண்டு அமைப்புக்கு மூன்று இணையச் செயலிகள் எழுதிக்கொண்டிருந்தாய். கர்ப்பிணித் தாய்மாரைப் பதிய ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளின் உதவிக்கு ஒன்று. மண்சரிவு அபாயமுள்ள லயங்களின் வரிசை வீடுகளிலிருந்து யார் யாரை முதலில் இடம்மாற்றுவது என்ற பட்டியலுக்கு ஒன்று. விவரங்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கவும் எடுக்கவும் மூன்றுக்கும் பொதுவாக ஒரே நிரல் தொகுப்பு. லைப்ரரி என்பாய் அதை. நடுவில் இருந்த பெட்டி அதுதான்.

"லயத்துப் பீலி மாதிரிடா. ஒரு எடத்துல தண்ணி விழுது, எல்லா வீடும் புடிச்சுக்குது. ஒரு எடத்துல திருத்தினா மூணுலயும் திருந்திரும்."

"ஒரு எடத்துல தப்பானா?"

"மூணுலயும் தப்பாகும். ஒங்க பேப்பர்ல வராத தப்பாடா?" என்று சிரித்தாய்.

அந்தத் தப்பு தாய்மார் செயலியிலிருந்து தொடங்கியது. ஒரே பெண்ணை இரண்டு மருத்துவ மாதுகள் இரண்டு தடவை பதிந்துவிட்டார்கள். தடுப்பதற்காக லைப்ரரியில் ஒரு விதியைச் சேர்த்தாய்: தோட்டப் பிரிவான டிவிசனும் லயமும் காம்பரா என்னும் அறையின் இலக்கமும் ஒன்றென்றால் குடும்பமும் ஒன்று, புதிதாகச் சேர்க்காதே, பழையதன் மேலேயே எழுது. தோட்டத்து ஆபீஸ் பேரேட்டிலும் ஒரு காம்பராவுக்கு ஒரு பெயர்தான். எல்லாம் பொருந்தி வந்தது. தாய்மார் பதிவு சுத்தமானது. அதே விதி, யாரும் கேட்காமலே, இடம்மாற்றும் பட்டியலுக்கும் போய்ச் சேர்ந்தது.

நீ பிறந்த காம்பராவில் உன் சித்தப்பா குடும்பமும் இருந்தது. நடுவில் மறைப்புக்குப் படங்கு கட்டியிருக்கும். இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. நான் அங்கே எத்தனையோ நாள் ரொட்டி தின்றிருக்கிறேன். உனக்குத் தெரியாததை நீ எழுதவில்லை. தெரிந்ததை மறந்துவிட்டு, ஆபீஸ் பேரேட்டை நம்பினாய்.

கந்தப்பளைக்கு மேலே இருந்த ஒரு டிவிசனுக்குச் செய்தி சேகரிக்க நான் போன அன்று நான்காவது நாளாக மழை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரி இடம்மாற்றும் பட்டியலை வாசித்தார். ஏழாம் காம்பராவுக்குத் தம்பியின் பெயர் வந்தது. அதே காம்பராவில் இருந்த அண்ணன் முன்னால் வந்தார்.

"ஐயா, எம்பேரு?"

"ஒரு காம்பராவுக்கு ஒரு பேருதான் வந்திருக்கு, பெரியவரே."

"பேரெழுத வந்த பொண்ணுகிட்ட நாந்தானே மொதல்ல சொன்னேன்?"

அவர் சொன்னது சரி. அவர்தான் முதலில் பதிந்தார். அடுத்த வாரம் தம்பி பதிந்தபோது, அண்ணனுடைய விவரத்தின் மேலேயே தம்பியுடையது எழுதப்பட்டது. இது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணனுடைய மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடுங்க. கொழுந்தன் புள்ளகுட்டியோட போகட்டும். நாம ரெண்டு பேரு. அடுத்த லிஸ்டுல வராமலா போயிரும்?"

நான் அதை வார்த்தை பிசகாமல் குறித்துக்கொண்டேன். நல்ல மேற்கோள் என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியும்போது மேட்டுமண் லயத்தின் பின்சுவரோடு இறங்கியது. தம்பி குடும்பம் பாடசாலைக் கட்டிடத்தில் பத்திரமாக இருந்தது. அண்ணனையும் அவர் மனைவியையும் மதியத்துக்குப் பிறகுதான் மண்ணுக்கடியிலிருந்து சடலங்களாக எடுத்தார்கள்.

அன்று மாலை உன்னிடம் வந்தேன். நீ ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாய். திரையில் அந்த விதி இருந்த வரிகளைக் காட்டினாய். "என் பேரப் போட்டு எழுது," என்றாய். நான் எழுதவில்லை. 'கணினித் தவறு' என்று இரண்டு சொல்லில் முடித்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

மறுநாள் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாய்.

"கணினி என்னடா தப்பு பண்ணுச்சு? நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு. இந்த லைப்ரரிய நான் இன்னும் ரெண்டு அமைப்புக்குக் குடுத்திருக்கேன். எந்த வரில தப்புன்னு நீ எழுதியிருந்தா அவங்க நிறுத்தியிருப்பாங்க. இப்ப நான் போன் பண்ணினா, எங்களுக்கு நல்லாத்தான் வேல செய்யுதுங்கிறாங்க."

அதற்குப் பிறகு நீ சிரித்து நான் பார்க்கவில்லை. விதியை மாற்றி எழுதினாய்: காம்பரா இலக்கத்தோடு அடுப்பையும் சேர்த்துப் பதிய வேண்டும்; தனி அடுப்பென்றால் தனிக் குடும்பம். நுவரெலியாவில் இருந்த அமைப்பு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. நோர்வூட்டில் இருந்தது ஏற்கவில்லை. நீ நேரில் போனாய். வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். சென்ற வருடம் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அவர்களுக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தாய். பேச மூச்சு போதாமல் போனை என்னிடம் நீட்டினாய். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

உன் கருமாதி முடிந்த பிறகு பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன். எந்த விதி, எப்படி அழித்தது, யார் எழுதியது, செய்தியாளன் எதை மறைத்தான், எல்லாம். ஆசிரியர், "செத்தவர் பேரை ஏன் இழுக்கிறீங்க?" என்றார். அவர் கேட்டுக்கொண்டதுதான் என்றேன். உள்பக்கத்தில் சின்னதாக வந்தது.

அந்தப் பத்திரிகைத் துண்டோடு போன வாரம் நோர்வூட் போனேன். அந்த அமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் மரியாதையானவர். தேநீர் கொடுத்தார். "சேர், இத்தன வருசத்துல ஒரு நாளும் எரர் வரலியே," என்றார். மேலே எழுதும்போது எரர் வராது, ஆள்தான் காணாமல் போகும் என்று சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. ஒரேயொரு லயத்துக்கு என்னோடு வரச் சொன்னேன்.

முதல் கதவில் ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் காம்பராவில எத்தன அடுப்பு எரியுதும்மா?" என்று கேட்டேன்.

"ஏன், அடுப்புக்கும் வரி போடப் போறாங்களா?" என்றவர், உள்ளே இருந்தவர்கள் சிரித்து அடங்கிய பிறகு சொன்னார்: "மூணு."

பொறுப்பாளர் தன் போனில் பட்டியலைத் திறந்தார். ஒரு பெயர் இருந்தது. பிறகு அடுத்த கதவை அவரே தட்டினார்.

நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். அன்று பெரட்டுக் களத்தில் அந்த மனிதர் தன் பெயரைக் கேட்டபோது, அதிகாரிக்கு ஓரடி தள்ளித்தான் நான் நின்றேன். எத்தனை அடுப்பு என்று கேட்க எனக்குத் தெரிந்திருந்தது, கேட்கவில்லை. உன் வீட்டில் இரண்டு அடுப்பிலும் நான் சாப்பிட்டவன்.