இல்லாத வெளிச்சத்துக்கும் ஓம்

இலண்டன்
12.11.1986

அன்புள்ள பத்மாசினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். நீரும் மகன் குகதாசனும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் துப்புரவு வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் கண் ஆராய்ச்சியே இப்போது என்னை நம்பித்தான் நடக்கிறது. கண் வெறும் யன்னலாம், பார்ப்பது மூளையாம். என் மூளையைக் கண்டு பேராசிரியரே அசந்துபோனார்.

சோதனைக்கு ஆள் வேண்டுமென்று என்னை இருட்டறையில் இருத்தி, மங்கலான வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ஒன்றையும் விடாமல், எல்லாம் தெரியுது, ஓம் ஓம் என்று அழுத்தினேன். அங்கே படிக்கிற உடுப்பிட்டிக் கமலாவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணை, இடைக்கிடை நான் வெளிச்சமே போடேல்லை. அதுக்கும் அமத்திப்போட்டியள்!"

"நீ பாடுபட்டுக் காட்டேக்கை, தெரியேல்லை எண்டு சொல்லுறது மரியாதையே பிள்ளை?"

"தெரியேல்லை எண்டு சொன்னால்தான் அண்ணை எங்களுக்கு உதவி."

மறுபடி உண்மையாகச் செய்தேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. உடனே கண் வைத்தியரிடம் கூட்டிப்போனாள். இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டதாம். சொட்டு மருந்து விட்டால் மிச்சம் நிற்குமாம். பயப்படாதேயும், வெள்ளைக்காரன் இரண்டு கண்ணால் பார்ப்பதை நான் ஒன்றரைக் கண்ணால் பார்ப்பேன்.

என்னைப் பெற்ற ஐயாவுக்கும் இப்படித்தான் கண் இருண்டது. இது பரம்பரையாக வருமாம். குகதாசனை உடனே மானிப்பாய் ஆசுப்பத்திரியில் காட்டும். நீரும் பக்கத்தில் நில்லும். அவன் என் பிள்ளை, தெரியாததையும் தெரியுது என்பான். தெரியாவிட்டால் தெரியேல்லை என்பதில் வெட்கமில்லை என்று அப்பா எழுதியதாகச் சொல்லும்.

இனிமேல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதும். உம்முடைய கையெழுத்தைப் பெரிதாகப் பார்க்க ஆசை. மேற்பார்வையாளன் கூப்பிடுகிறான்.

உம்முடைய
இராசநாயகம்