கெலாடித் தொட்டிக்குக் கட்டிய டின் தகடு

சம்பந்தியம்மா,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டை ஒழிக்க உதவலாம் என்று இன்று காலை தெப்ராவுக்கு வந்தால், உங்கள் ஒன்பது கெலாடிச் சேம்புத் தொட்டிகளும் குப்பை லாரிக்காக கேட்டோரம் நிற்கின்றன. எல்லாவற்றிலும் வெறும் மண். விளிம்பில் நான் கம்பி கோத்துக் கட்டிய டின் தகடுகள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன.

"காலித் தொட்டிதானே அத்தே?" என்றார் மாப்பிள்ளை, உங்கள் மகன்.

"காலியா? உள்ள கிழங்கு தூங்குது. ஒரு தொட்டிய லாரில ஏத்திப் பாருங்க, அப்புறம் பேசிக்கிறேன்."

"அலமாக்! சரி லா அத்தே."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தத் தப்பை முதலில் செய்தவள் நான்தானே. பேத்தி பிறந்தபோது மகளுக்குப் பத்தியம் சமைக்க வந்து உங்கள் வீட்டில் தங்கினேன். சும்மா கிடக்கிறதே என்று ஒரு தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டு மிளகாய் நட்டேன். நீங்கள் 'வெள்ளைக்காரி' என்று பெயர் வைத்து வளர்த்த வெள்ளை இலைக் கெலாடி அதற்குள் இருந்தது. இலையெல்லாம் காய்ந்து விழுந்த பிறகும் கிழங்கு உயிரோடு கிடக்கும் என்று நான் கண்டேனா? நீங்கள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மூன்று நாள் "சாப்பிட்டீங்களா சம்பந்தி" என்பதோடு சரி.

பிறகு ஐஸ்கிரீம் குச்சியில் மார்க்கரால் பெயர் எழுதிச் செருகினீர்கள். பாதியை மழை கரைத்தது, மீதியை வெயில் வெளுத்தது. அடுத்த தடவை வந்தபோது அதைப் பார்த்துவிட்டுத்தான் குளிர்பான டின்னைக் கத்தரித்தேன்.

"டின்னா? கோழிக் கூண்டு மாதிரி இருக்குமே!"

"அழகு வேணுமா, கிழங்கு வேணுமா சம்பந்தி?"

அன்றைக்குத்தான் சிரித்தீர்கள். ஓரத்தை மடித்து, செய்தித்தாள் கட்டின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தினேன். எழுத்து தகட்டிலேயே பள்ளமாகப் பதிந்தது. மை இருந்தால்தானே அழிய? முப்பது வருடம் ஆபீஸில் டைப் அடித்த நீங்கள் பெயர்களைச் சொன்னீர்கள், அஞ்சாவதோடு நின்ற நான் எழுதினேன். "உங்க எழுத்து நிமிந்து நிக்குது சம்பந்தி" என்றீர்கள். நிற்கத்தான் செய்கிறது. ஆறு வருட மழைக்கும் ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

"தகட்டப் பாக்கலையா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"பாத்தேன் அத்தே. தமிழ்ல இருக்கு. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன், எனக்கு எங்க வாசிக்க வருது?"

எனக்குச் சுருக்கென்றது. மழைக்கும் வெயிலுக்கும் பயந்தோமே தவிர, நமக்குப் பிறகு யார் படிப்பார்கள் என்று இரண்டு பேரும் நினைக்கவே இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் 'பட்டுப் புடவை' என்ற பெயரைப் பார்த்தால் உள்ளே உயிர் இருப்பது எப்படித் தெரியும்?

மூன்று டின்னைக் கத்தரித்தேன். மாப்பிள்ளை எழுத்துக் கூட்டிச் சொல்ல, பெரிய பெரிய மலாய் எழுத்தாக ஒன்பது தகட்டிலும் பதித்தேன்: 'ஜாங்கான் புவாங்'. கொட்டாதே. பழைய தகட்டை அவிழ்க்காமல் பக்கத்திலேயே கட்டினேன்.

"எல்லாத்தையும் யோங் பெங்குக்கு, என் வீட்டுக்கு ஏத்துங்க."

"கார் மண்ணாயிடுமே அத்தே."

"கழுவிக்கலாம்."

எட்டு ஏற்றியதும் ஒன்பதாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இது எங்க புது வீட்டுல இருக்கட்டும். எப்ப தண்ணி ஊத்தணும்?"

நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன்: "தூங்கறத எழுப்பாதீங்க. முளை தெரியற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது."

எட்டுத் தொட்டிகளும் இப்போது என் வீட்டில், மழை படாத ஓரத்தில் இருக்கின்றன. ஊற்றத்தான் கை பரபரக்கிறது. அடக்கி வைத்திருக்கிறேன்.