கூலிக்கு மேலே ஒரு சந்தோஷம்

செப். 19, வெள்ளி

காலையிலிருந்தே கொளுத்துகிறது. காற்று துளி இல்லை. துவைத்துப் போட்ட துண்டுகள் காபி குடித்து முடிப்பதற்குள் அப்பளமாகக் காய்ந்துவிட்டன. பட்டாசுக்காரர்களுக்கு நல்ல நாள்.

வாங்க: தைலத்துக்கு நல்லெண்ணெய், கற்பூரம், ஜெனிக்குக் கணக்கு நோட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள்.

எஸ்தர் டீச்சருக்குத் தோள்பட்டை நீவி விட்டேன். ரிட்டயர் ஆகியும் கரும்பலகை வலி போகவில்லை அவருக்கு. முடிந்ததும் கட்டணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு நோட்டைத் தலையணைக்கு அடியில் செருகப் பார்த்தார். சுவரைக் காட்டினேன். மகள் ஜெனி ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியது: ‘கட்டணம் தவிர வேறு எதுவும் தர வேண்டாம்.’

“இதென்ன அமலி, கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி போர்டு?”

“டீச்சர், ரேட்டு நான் வச்சது. பத்தலேன்னா நானே ஏத்திக்கிடுவேன். எனக்கு நான்தான் முதலாளி. முதலாளிக்கு யாராச்சும் டிப்ஸ் குடுப்பாகளா?”

“அப்ப வலி போச்சுன்னு நான் சந்தோஷப்படவே கூடாதாக்கும்?”

கொய்யாப்பழம் இரண்டு வாங்கிக்கொண்டேன். பழம் வேறு, பணம் வேறு. இதுவும் என் சட்டம்தான்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் தெரபி பிரிவில் உதவிக்கு இருந்தபோது டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் கட்டிலருகே நானும் போய் நிற்பேன். எல்லாரும் நிற்பார்கள். சம்பளம் அப்படி. ‘சந்தோஷமா ஏதாச்சும்’ என்று இழுப்போம். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் உடம்பு கூசுகிறது. சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தபோது முதலில் எடுத்த முடிவு, கட்டணத்துக்கு மேல் வாங்குவதில்லை என்பது.

இதெல்லாம் பேச நல்லாத்தான் இருக்கிறது. வடக்குத் தெரு மாமா இன்றும் “சில்லறை இல்லேம்மா” என்று கட்டணத்திலேயே குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு ஒரு போர்டு எழுத வேண்டும்.

செப். 20, சனி

மனசு நிலைகொள்ளவில்லை. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

மத்தியானம் வாசலில் ஒரு வேன். ராஜேஸ்வரி அம்மா அனுப்பியது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர்கள். கழுத்து வலிக்கு நான் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். கூடக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று நான் படுத்துகிற பாடு அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை வாட்ச்மேனை விட்டு என் ஸ்கூட்டிப் பெட்டிக்குள் சேலையை வைக்கச் சொன்னவர்கள். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று வந்தது பெஞ்சு. மசாஜ் பெஞ்சு. முகம் வைக்க ஓட்டை, மெத்மெத்தென்ற தோல், உயரம் ஏற்றி இறக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்தது கூட இவ்வளவு நன்றாக இருக்காது. நான் ஆள் படுக்க வைப்பது மரப் பெஞ்சு, மேலே பழைய மெத்தை. குனிந்து குனிந்து என் இடுப்புக்கே ஆள் தேவை.

வேனில் வந்த கருப்பசாமி அதைப் பின்னறையில் விரித்துப் போட்டுவிட்டு நாலு பக்கமும் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

“நல்ல பெரிய ரூமுக்கா.”

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஜெனி அதற்குள் ஏறிப் படுத்துவிட்டாள். “ம்மா, சூப்பரா இருக்குமா!” அவள் இறங்கியதும் நானும் படுத்துப் பார்த்தேன். என்ன சுகம்! என்னை யாரும் இப்படிப் படுக்க வைத்து நீவி விட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு.

செப். 22, திங்கள்

ராஜேஸ்வரி அம்மாவுக்குக் கழுத்து. நன்றி சொன்னேன். இவ்வளவு பெரிசா வேண்டாம்மா, மாதாமாதம் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“கூலி வேற, சந்தோஷம் வேற. கூலியில கழிச்சா அது சந்தோஷமா?”

பிறகு அவர்களுக்கு ஒரு போன் வந்தது. குப்புறப் படுத்தபடியே பேசினார்கள். “செக்கிங்குக்கு எப்ப வராங்களாம்... குடோன்ல அம்புட்டும் காட்ட முடியாது... நீ ஒண்ணும் அலட்டாதே, நான் பாத்துக்கிடுறேன்.”

போனை வைத்துவிட்டு அப்படியே, தலையைத் திருப்பாமல்:

“அமலி, ஒம் பின்னறையில ஓரமா எடம் கெடக்குமில்லே?”

“அங்கனதாம்மா ஆளு பாக்கேன்.”

“தெரியுமே, ஓரமாத்தான். கொஞ்சம் பெட்டி. செக்கிங் முடிஞ்சதும் எடுத்துக்கிடுவோம். ரெண்டே நாளு.”

வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. அப்போது என் இரண்டு கைகளும் அவர்கள் கழுத்தில். பெஞ்சு என் வீட்டில். “சரிம்மா” என்றுதான் வாயில் வந்தது.

இந்தச் ‘சரி’யைத்தான் வாங்கியிருக்கிறார்கள். முட்டாள் நான், பெஞ்சு எனக்கென்று நினைத்தேன்.

செப். 23, செவ்வாய்

பெட்டிகள் வந்தன. ஓரமாக என்றார்கள். ஒரு சுவரே மறைந்துவிட்டது. மேலே தார்ப்பாய். கம்பெனிப் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

கரண்ட் அடுப்பை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டேன். எண்ணெயைச் சமையலறையில் சுட வைத்து, கிண்ணத்தை மூடிக்கொண்டு வருகிறேன். சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். பின்னறையின் மறுபக்கச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்கள், கைக்குழந்தை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சூடே வேண்டாம் என்று சிவப்பு விளக்கு ஒத்தடத்தையும் நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம் பல்பு போய்விட்டது என்றேன்.

செப். 25, வியாழன்

இரண்டு நாள் ஆயிற்று. யாரும் வரவில்லை.

எஸ்தர் டீச்சர் பெஞ்சில் குப்புறப் படுத்து, ஓட்டைக்குள்ளிருந்து, “என்ன அமலி, மருந்து வாசம் அடிக்கி?”

“தைலம் புதுசு டீச்சர். நல்ல மருந்து.”

எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கட்டணத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். கொய்யாப்பழமும் இல்லை. அடுத்த வாரம் வர முடியாதாம், மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

ஜெனியின் அப்பாவுக்குப் போன் போட்டேன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிக்கொண்டிருக்கிறார். சொன்னேன்.

“சீசன்ல எல்லாரும் வைக்கிறதுதானே. விடு.”

“எண்ணெ சுட வைக்கிற வீடுங்க இது.”

“முடிஞ்ச சரக்குதானே? கிஃப்ட் பாக்ஸ்?”

தெரியாது என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

செப். 27, சனி

கிஃப்ட் பாக்ஸ் இல்லை.

வடக்குத் தெரு மாமா எழுந்து செருப்புப் போடும்போது அவர் குதிகாலில் சாம்பல் நிறமாக மினுக்கியது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. “காலைக் கொஞ்சம் நீட்டுங்க மாமா” என்று துடைத்து அனுப்பினேன். பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பெட்டி ஒன்று பிதுங்கிக் கிடக்கிறது. உள்ளே பாதி வேலையான சரக்கு. மருந்து அடைத்து, வாய் அடைக்காத குழல்கள். தரையெல்லாம் தூள்.

ஈரத்துணி எடுக்கப் போனேன். நல்லவேளை, அவர் போன் வந்தது. தூளைத் துடைக்கப் போகிறேன் என்றேன்.

“தண்ணி காட்டாதே! தண்ணி பட்டா சூடேறும். வெளக்குமாத்தாலயும் தேய்க்காதே. தொடாதே. ரூமைச் சாத்திட்டு வெளிய வா.”

கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. முந்தாநாள் “விடு” என்ற மனுஷன்.

ராஜேஸ்வரி அம்மாவுக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. சாயங்காலம் அவர்களே கூப்பிட்டார்கள். “செக்கிங் இன்னும் முடியலேம்மா. கொஞ்சம் பொறு. யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே, பெட்டி ஒன் வீட்டுல இருக்கு. ஒனக்குத்தான் கஷ்டம்.” அன்பாகத்தான் சொன்னார்கள்.

யாரிடம் போய்ச் சொல்ல? வீடு என் பேரில். பிடித்தால் என்னைத்தான்.

வருகிறவர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லையாம்.

செப். 28, ஞாயிறு

வானம் மூடிக் கிடந்தது. ஜெனி தலைவலி என்று கோவிலுக்கு வரவில்லை.

பிரசங்கத்தின் நடுவில் ஒரு சத்தம். தூரத்தில், தரை வழியாக வருகிற மாதிரி. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. இங்கே அப்படித்தான். சத்தம் கேட்டால் முதலில் திசை பார்ப்போம், பிறகு புகை. வாசலில் நின்ற ஆண்கள் ஆனைக்குட்டம் பக்கம் கை நீட்டினார்கள். யாரோ நாரணாபுரம் பக்கம் என்றார்கள்.

நாரணாபுரம் பக்கம் என்றால் என் வீடு.

செருப்பைத் தேடவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஏசுவே, ஏசுவே என்றுதான் வந்தேன். தெருமுனை திரும்பியதும் வீடு நின்றது. அப்போதும் நம்பவில்லை.

ஜெனி பின்னறையில். பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு, போனை அங்கேயே சுவரில் சார்ஜ் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபேன் ஓடுகிறது. தலைமாட்டில் பெட்டிகள்.

அறைந்துவிட்டேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையை. கன்னம் சிவந்துவிட்டது.

“இங்கன வராதேன்னு சொன்னேனா இல்லையா?”

“நீதானே வாங்கி வச்ச? என்னய எதுக்கு அடிக்கே?”

இரண்டு பேரும் அழுதோம். சத்தம் இடிதான் என்று பிறகு சொன்னார்கள். சிலர் கல்குவாரி என்றார்கள். ஒரு சொட்டு மழை இல்லை.

செப். 29, திங்கள்

மெயினை ஆஃப் செய்துவிட்டேன். வேர்வையில் உட்கார்ந்திருக்கிறோம். சமைக்கவில்லை. ஹோட்டல் இட்லி.

ராஜேஸ்வரி அம்மா வீட்டுக்குப் போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை கழுத்துக்குப் பார்த்த கட்டணம் கூடத் திருப்பித் தருகிறேன்.

அவர்கள் கோபப்படவில்லை. காபி வரவழைத்தார்கள். பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

“ஏம்மா, சந்தோஷமாக் குடுத்தத யாராச்சும் திருப்பி வாங்குவாகளா? பூசை வருது. பூசைக்கு வேன் அனுப்புறேன். போதுமா?”

“நிச்சயமாம்மா?”

“நிச்சயமா.”

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வாசல் வரை வந்து, கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது, நாளைக்கு வருவாயா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

செப். 30, செவ்வாய்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டணம் மட்டும் கொடுத்தார்கள். இவ்வளவு நாளில் இன்றுதான் முதல் தடவையாக, மேலே எதுவும் நீட்டவில்லை. எனக்கு அது தைரியமாக இருந்தது, கணக்கு முடிந்துவிட்டது என்று.

ஜெனியை விருதுநகருக்கு, அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னேன். பெட்டி போனபிறகு போகிறேன், உன்னை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறாள். அடி வாங்கிய கன்னத்தை என் தோளில் வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

நாளை: பெட்டி போனதும் தரையை என்ன செய்வது என்று அவரிடம் கேட்க. டீச்சருக்குப் போன். புதுத் தாழ்ப்பாள்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. தெருவில் ஆட்டோவுக்கெல்லாம் மாலை. பூசணிக்காய் உடைத்து ரோடெல்லாம் சிவப்பு.

பதினொரு மணி வாக்கில் ஜெனி வாசலிலிருந்து கத்தினாள். “ம்மா! எடுக்க வந்துட்டாக!”

வேன்தான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம். கருப்பசாமி புதுச் சட்டை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பின்னறைக் கதவை நானே திறந்து வைத்தேன்.

அவன் வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே நிறையப் பெட்டிகள்.

“என்னப்பா இது?”

“அம்மா சொன்னாகக்கா. கம்பெனியில இன்னைக்கு பூசை, ஆபீசருக எல்லாம் வாராக. இத அங்கன வைக்க முடியாதாம்.”

வாசலில் குறுக்கே கை நீட்டி நின்றேன். முடியாது என்றேன். கொண்டு போ என்றேன்.

“எங்க கொண்டு போவேன்? ரோடெல்லாம் போலீசு. நான் லோடு ஏத்துறவன்க்கா, எனக்கென்ன தெரியும்? இங்கனயே தெருவுல எறக்கி வச்சிட்டுப் போகவா?”

பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வெளியே வந்து பார்த்தாள். “என்னக்கா, புதுச் சாமானா?” என்று சிரித்தாள்.

கையை எடுத்துவிட்டேன்.

தரையில் இடமில்லை. பெஞ்சின் மேல் அடுக்கினான். தலை வைக்கிற இடத்திலிருந்து கால் வரை. ஜெனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெட்டி வைக்கும்போதும் அவள் விரல் இறுகியது.

முடித்துவிட்டு அவன் போகவில்லை. வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“பூசையும் அதுவுமா... சந்தோஷமா ஏதாச்சும் குடுங்கக்கா.”

பர்ஸை எடுத்துக் கொடுத்தேன். போதுமா என்றும் கேட்டேன்.