நேமத்தான்பட்டிக்கு முதல் பஸ்

வீரலட்சுமிக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவனை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டு விலாசத்தை வேலை முகாம் நோட்டீசில் போட்டுவிடுகிறார்கள். நீயும் போட்டாய். அந்தக் கோபத்தில் நேற்று ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

நீ இல்லாதபோது நேமத்தான்பட்டி சைதுன் பீவி மகள் ஹாஜிரா நடந்தே வந்தாள். "நாளைக்கு வேலை முகாமுக்குப் பேர் கொடுக்கணும்யா. அக்கா இருக்காகளா?" என்றாள். "முகாமெல்லாம் நின்னு போச்சு, போ" என்றேன். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். நீ வந்தபிறகும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் பஸ்ஸில் போய் அவளைக் கூட்டி வருகிறேன். ஆள் எடுக்க வரும் மில்காரர் பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார் என்றாயே, அவரிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வை.

முகாமில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குப் புளிச்சோறு கிண்டி மூடி வைத்திருக்கிறேன். போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டுப் பொன்னுத்தாயியிடம் கொடு.

ஹாஜிரா பேரை இப்போதே எழுதிவிடு. டைப் பாஸ் பண்ணியிருக்கிறாளாம்.

நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்தால் வேலை வந்துவிடும் என்று நான் இன்னமும் நம்பவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.

அய்யா