கைரேகை தேய்ந்த கதை

அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். பிள்ளை பெற்ற உடம்பு, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே கட்டில்களில் செதுக்கிய பூக்களை வழவழப்பாக்குகிறேன். இதழ் இடுக்கில் மெஷின் நுழையாது. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது. பயப்படாதே, வலியில்லை. ஆனால் வருகைப் பதிவு மெஷின் என் விரலை ஏற்பதில்லை. நாளெல்லாம் மாடாய் உழைத்தவனுக்கு ஆப்சென்ட்!

மேஸ்திரியிடம் கத்தினேன். "மெஷின் ஆள் இல்லன்னு சொன்னா இல்லதாம்பா" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. பாலிஷ் துடைக்கத்தான்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. குழந்தைக்கு என் போட்டோவைத் தினமும் காட்டு. என்னை இன்னும் நேரில் பார்க்காதவள். நான் வந்து நிற்கும்போது அவளும் அந்த மெஷின் மாதிரி முழிக்கப் போகிறாள்.

உன்னவன்